மெயில் ஆப் திறந்த கையோடு மூடிக்கொள்கிறதா? ஃபோமட் அடிக்க முன்னம் இதைப் பாருங்கள்

போன கிழமை கரடியனாற்றுப் பக்கமிருந்து ஒரு அக்கா பஸ்ஸில் வந்து செங்கலடிச் சந்தியில் இறங்கி நேரே என் கடைக்கு வந்தார். போனைச் சேலைத் தலைப்பால் ஒருதரம் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, மெயிலத் தொட்டா ஒரு வெள்ளை வருது, மறுகா ஒண்டுமில்ல, அப்பிடியே போயிருது. மகள்ர இன்டர்வியூ கடிதம் அதுக்குள்ளதான் கிடக்கு" என்றார். வேறொரு இடத்தில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார். ஃபோமட் அடித்தால்தான், அதாவது போனை முழுதாகத் துடைத்தால்தான் சரிவரும், படமெல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். செத்துப்போன தாயின் கடைசிப் படங்கள் அந்தப் போனில்தான் இருந்தன, அதனால் கொடுக்க மனமில்லாமல் எழும்பி வந்துவிட்டார். நல்ல காலம். 32 ஜிபி போனில் மிச்சமிருந்த இடம் 200 எம்பி கூட இல்லை, அவ்வளவுதான் வியாதி. கல்யாண வீட்டு வீடியோக்கள், வட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள், ஒரே பீடிஎஃப் நாலு தரம் என்று கிடந்ததில் ஒரு 3 ஜிபியை அவர் கையாலேயே அழிக்கச் சொல்லி, போனை ஒருதரம் அணைத்துப் போட்டதும் மெயில் திறந்தது. கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் போனார்.

எல்லாருக்கும் இவ்வளவு லேசில் முடியாது. ஆனால் எந்தப் போனாக இருந்தாலும் முதலில் எதையும் இழக்காத வேலைகளைச் செய்து பார்க்க வேண்டும், பிறகுதான் கொஞ்சம் இழக்கக்கூடியவை, எல்லாவற்றையும் இழக்கிற வேலை ஆகக் கடைசியில். கீழே எழுதுவது அந்த ஒழுங்கில்தான். கூடுதலாக ஆண்ட்ராய்ட் போனைப் பற்றியே பேசுகிறேன், ஐபோன்காரருக்கும் நடுவில் ஒரு பந்தி உண்டு.

முதலில், உங்கள் ஆப் உண்மையாகவே மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். "மெயில் வேலை செய்யுதில்ல" என்று வருகிற பலருக்கு ஆப்பில் ஒரு பிழையும் இருப்பதில்லை. ஆப் திறந்தபடி நிற்கிறது, வட்டம் மட்டும் சுற்றுகிறது என்றால் அது டேட்டாப் பிரச்சினை. ஃபேஸ்புக், வட்ஸ்அப்புக்கு மட்டும் செல்லுகிற பக்கேஜைப் போட்டுவிட்டு, "வட்ஸ்அப் வருது, மெயில் மட்டும் ஏன் வரல" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. பாஸ்வேர்ட் கேட்டு நின்றால் அது கணக்குப் பிரச்சினை. கூகிளின் இலவச 15 ஜிபி நிறைந்துவிட்டால் புது மெயில் வராது, ஆனால் ஆப் சாகாது, அதுவும் வேறு கதை. போனின் இடம் வேறு, அந்த 15 ஜிபி வேறு. தொட்டதும் ஒருகணம் வந்து மறைகிறது, அல்லது 'கீப்ஸ் ஸ்டாப்பிங்' என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது என்றால்தான் இங்கே சொல்வது உங்களுக்கு.

அவசர மெயில் ஏதும் பார்க்க வேண்டியிருந்தால் ஆப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். குரோமைத் திறந்து மேலே மெயில் டாட் கூகிள் டாட் கொம் என்று ஆங்கிலத்தில் கையால் அடியுங்கள். தேடி வருகிற லிங்கைத் தொட்டால் சிலவேளை அது மறுபடி அந்தச் சாகிற ஆப்பைத்தான் திறக்கப் பார்க்கும், அதனால்தான் கையால் அடிக்கச் சொல்கிறேன். உங்கள் மெயில்கள் போனுக்குள் இல்லை, அவை கூகிளிடமோ மைக்ரோசொஃப்டிடமோ இருக்கின்றன, போனில் இருப்பது அவற்றின் ஒரு பிரதி. இது விளங்கிவிட்டால் பயம் பாதி குறையும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறக்கக் கூடாது. பழைய அலுவலக மெயில்கள் சிலவற்றை பொப் என்ற முறையில் போட்டிருப்பார்கள். அதில் மெயில் போனுக்கு இறங்கியதும் சேர்வரில் அழிந்துவிடுமாறு வைத்திருக்கலாம், அப்படியென்றால் உங்கள் போனில் உள்ளதுதான் ஒரே பிரதி. ஐமேப் என்ற மற்ற முறை என்றால் மெயில் சேர்வரிலேயே இருக்கும், கவலையில்லை. ஜிமெயில் கணக்கை ஜிமெயில் ஆப்பில் பார்ப்பவர்களுக்கும் கவலையில்லை. எது என்று தெரியாவிட்டால் கணினியிலோ பிரவுசரிலோ அதே கணக்கைத் திறந்து, பழைய மெயில்கள் அங்கேயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் கீழே சொல்லும் கிளியர் டேட்டா பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது என் கணிப்பில் ஆக முக்கியமானது, ஆனால் யாரும் செய்வதில்லை. எந்த இடத்தில் மூடுகிறது என்று கவனியுங்கள். இரண்டு மூன்று தரம் திறந்து பாருங்கள், அவசரப்பட வேண்டாம்.

திறந்த உடனேயே போகிறதென்றால் இடப் பற்றாக்குறை, அரைகுறையாக இறங்கிய அப்டேட், பழுதாய்ப்போன கேஷ் (ஆப் சேர்த்து வைக்கிற தற்காலிகக் குப்பை), இவற்றில் ஒன்றாக இருக்கும். பட்டியல் ஒழுங்காக வருகிறது, ஏதோ ஒரு மெயிலைத் தொட்டால் மட்டும் போகிறதென்றால் அந்த மெயிலில்தான் ஏதோ இருக்கிறது, அல்லது மெயிலை வரைந்து காட்டுகிற பகுதியில் கோளாறு. படமோ பைலோ இணைக்கும்போது போகிறதென்றால் போனின் ரேம், அதாவது வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகம், தாங்கவில்லை.

கடைசியாகச் சொன்னது வந்தாறுமூலை கெம்பஸ் பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பது. சான்றிதழ்களைப் போன் கமராவில் படம் பிடித்து பத்தையும் ஒரே மெயிலில் போடப் பார்ப்பார்கள். ஒரு படம் 4, 5 எம்பி. பத்தும் சேர்ந்தால் 40, 50 எம்பி. ஜிமெயிலில் ஒரு மெயிலோடு இணைக்கக்கூடியது 25 எம்பி மட்டும்தான், அதற்கு மேல் போனால் டிரைவ் லிங்காக மாற்றிக்கொள்ளும், அந்த மாற்றுகிற பாட்டிலேயே 2 ஜிபி ரேம் உள்ள போன் மூச்சு வாங்கி ஆப்பைத் தூக்கி எறிந்துவிடும். படம் பிடிப்பதை விட்டுவிட்டு கூகிள் டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேனால் எல்லாப் பக்கத்தையும் ஒரே பீடிஎஃப் ஆக்குங்கள். பைலும் சின்னதாகும், வாங்குபவருக்கும் வாசிக்க லேசு. பத்துப் படத்தைத் தனித்தனியாகத் திறந்து பார்க்க எந்த அலுவலகத்தில் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஒரே ஒரு மெயில் ஆப்பைக் கொல்லுமா என்று கேட்பார்கள். கொல்லும். 2018 பெப்ரவரியில் ஐபோன்களில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு வந்தாலே அதைக் காட்ட முயலும் ஆப் செத்துப்போனது. மெசேஜ் ஆப் மட்டுமல்ல, மெயில் ஆப்களும்தான். ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6 என்ற அப்டேட்டை விட்டுத்தான் அதைத் திருத்தியது. எழுத்துக்கே இந்தப் பாடு என்றால், கண்டபடி படமும் விளம்பரமும் ஒட்டி வருகிற மெயில்களைக் கேட்கவா வேண்டும். சந்தேகமான மெயிலை ஆப்பில் தொடாமல், பிரவுசரில் போய் அழியுங்கள், அழித்தது 'பின்' (Bin) என்ற குப்பைப் பெட்டிக்குள் 30 நாள் கிடக்கும், அங்கிருந்தும் நிரந்தரமாக நீக்குங்கள். பிறகு ஆப்பைத் திறந்தால் விளங்கும்.

சரி, இனி கை வைக்கிற வேலை. போனை முழுதாக அணைத்து மறுபடி போடுங்கள். சிரிக்காதீர்கள், மாசக் கணக்கில் அணைக்கப்படாத போன்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அது சரிவராவிட்டால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைப் பாருங்கள். மெயில் ஆப் வேலை செய்யும்போது உள்ளே ஒரு கணக்குக் கொப்பி மாதிரி எழுதிக்கொண்டே இருக்கும், எழுத இடமில்லாதபோது வழி தெரியாமல் மூடிக்கொள்ளும். ஒரு 2 ஜிபியாவது வெறுமையாக இருக்க வேண்டும். கிளீனர், பூஸ்டர் என்று விளம்பரத்தில் வருகிற ஆப்களைப் போட்டு இடம் பிடிக்கப் போகாதீர்கள், அவற்றை அழிப்பதுதான் இடம் பிடிக்கிற வழி. வட்ஸ்அப்பிலேயே செட்டிங்ஸுக்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று இருக்கிறது, பெரிய வீடியோக்களை அது வரிசையாகக் காட்டும்.

மறுகா அப்டேட். பிளே ஸ்டோரில் மெயில் ஆப்பை மட்டுமல்ல, இன்னும் இரண்டைத் தேடி அப்டேட் செய்ய வேண்டும்: ஆண்ட்ராய்ட் சிஸ்டம் வெப்வியூ, குரோம். இந்த வெப்வியூவைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், போனில் ஐகனும் இல்லை. ஒரு மெயில் என்பது உள்ளுக்குள் சின்ன வெப்பக்கம் மாதிரித்தான், அதைத் திரையில் வரைந்து காட்டுவதை மெயில் ஆப் தானாகச் செய்யாமல் இந்த வெப்வியூவிடம் கொடுக்கிறது. சில ஆண்ட்ராய்ட் பதிப்புகளில் இதே வேலையைக் குரோம் பார்க்கிறது. ஆகவே வெப்வியூ பழுதானால் மெயில் ஆப் ஒரு குற்றமும் செய்யாமலே சாகும். 2021 மார்ச் 22, 23 இல் உலகம் முழுக்க இதுதான் நடந்தது. வெப்வியூவின் ஒரு அப்டேட் பிழையாகிப்போய், ஜிமெயில் உட்பட எத்தனையோ ஆப்கள் திறக்கத் திறக்க மூடின. வெப்வியூவின் அப்டேட்டை நீக்கிவிட்டவர்களுக்கு அப்போதே சரிவந்தது, பிறகு கூகிள் வெப்வியூவுக்கும் குரோமுக்கும் புதுப் பதிப்பு விட்டு முடித்துவைத்தது. அன்றைக்குப் போனை ஃபோமட் அடித்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒரே நாளில் உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே பிரச்சினை வந்தால் பிழை உங்கள் போனில் இல்லை, ஒரு நாள் பொறுத்து அப்டேட்டைப் பாருங்கள்.

அப்டேட்டும் சரிவராவிட்டால் செட்டிங்ஸ், ஆப்ஸ், மெயில் ஆப் என்று போங்கள். அங்கே ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்துவிட்டு, ஸ்டோரேஜுக்குள் போய் கிளியர் கேஷ் கொடுங்கள். கேஷ் என்பது தற்காலிகக் குப்பை, அழித்தால் ஒன்றும் போகாது, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். அதற்குப் பக்கத்திலேயே கிளியர் டேட்டா, சில போனில் கிளியர் ஸ்டோரேஜ், என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கூடாது.

கிளியர் டேட்டா கொடுத்தால் ஆப் நேற்று வாங்கிய போனில் இருப்பதுபோல் ஆகிவிடும். ஜிமெயில் ஆப் என்றால் கணக்கு போனில் அப்படியே இருக்கும், மெயில்கள் மறுபடி இறங்கும், போவது இன்னும் அனுப்பப்படாமல் அவுட்பொக்ஸில் நிற்பவையும் ஆப்பில் போட்ட கையொப்பமும் மாதிரிச் சில்லறைச் சாமான்கள்தான். ஆனால் அவுட்லுக், போனோடு வருகிற மெயில் ஆப் போன்றவற்றில் கணக்கே கழன்றுவிடும். திரும்ப உள்ளே போகப் பாஸ்வேர்ட் வேண்டும்.

இங்கேதான் நம்மூர்க் கூத்து தொடங்குகிறது. "பாஸ்வேர்ட் என்ன அக்கா?" "தெரியாது தம்பி, கொமினிகேஷன்ல இருந்த பொடியன்தான் திறந்து தந்தான்." ஓ.எல். முடித்த கையோடு எங்கோ ஒரு கடையில் மெயில் ஐடி திறந்திருப்பார்கள், பாஸ்வேர்டை அந்தப் பொடியன் ஒரு துண்டில் எழுதித் தந்திருப்பான், துண்டு எங்கேயோ. பாஸ்வேர்ட் மறந்தால் கோட் வருகிற மீட்பு நம்பராக அந்தக் கடை நம்பரே கிடக்கும். சில வீடுகளில் அது கட்டாரில் இருக்கிற கணவருடைய நம்பராக இருக்கும், கோட் அவருக்குப் போகும், அவர் வேலையில் நிற்பார். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால் என்பதால் இங்கே காலை எட்டுமணிக்குப் போன் எடுத்தால் அவருக்கு விடியற்காலை ஐந்தரை. அவர் எழும்பிக் கோட்டைப் பார்த்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும்.

ஆகவே கிளியர் டேட்டாவுக்கு முன்னம், கணக்கை நீக்குவதற்கு முன்னம், பிரவுசரில் உள்ளே போய் உங்கள் கூகிள் கணக்கின் செக்யூரிட்டிப் பக்கத்தைத் திறந்து மீட்பு நம்பர் யாருடையது என்று பாருங்கள். உங்களுடைய, இப்போது கையில் இருக்கிற சிம்முடைய நம்பராக மாற்றுங்கள். பாஸ்வேர்டையும் தெரிந்த ஒன்றாக மாற்றி, பழைய முறைப்படி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கொப்பியில் எழுதுவது ஆபத்து என்று படித்தவர்கள் சொல்வார்கள்தான், ஆனால் உங்கள் அலுமாரிக்குள் இருக்கிற கொப்பியைவிட, எவனோ ஒருவனுடைய கடை நம்பர் பெரிய ஆபத்து. ஜிமெயில் கணக்கை வேறு மெயில் ஆப்பில் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் அடித்துச் சேர்ப்பதை 2022 மே மாதக் கடைசியோடு கூகிள் நிறுத்திவிட்டது, அதனால் பழைய ஆப்பில் கணக்கைக் கழற்றினால் மறுபடி அப்படியே ஏறாது. கூகிள் பக்கம் வழியாக உள்நுழைய விடுகிற ஆப் வேண்டும், அல்லது ஆப் பாஸ்வேர்ட் என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும்.

பாஸ்வேர்டும் மீட்பு நம்பரும் கையில் இருந்தால் மிச்சம் லேசு. கிளியர் டேட்டா செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் செட்டிங்ஸில் எக்கவுண்ட்ஸுக்குப் போய் அந்தக் கணக்கை நீக்கி மறுபடி சேருங்கள். கூகிள் கணக்கை நீக்கினால் அதோடு சேர்ந்த தொலைபேசி நம்பர்களும் காணாமல் போகும், பயப்பட வேண்டாம், கணக்கு ஏறியதும் அவை திரும்பி வரும். ஆப்பை அழித்துத் திரும்பப் போடுவதும் நல்லது. ஜிமெயில் போனோடு வருவதால் பெரும்பாலும் முழுதாக அழிக்க ஏலாது, மூன்று புள்ளியைத் தொட்டு அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் கொடுத்தால் பழைய பதிப்புக்குப் போகும், சிலவேளை அந்தப் பழையதே ஒழுங்காக ஓடும்.

சின்ன போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஜிமெயில் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தொட்டால் எத்தனை நாள் மெயிலை போனில் வைத்திருப்பது என்று ஒரு இடம் இருக்கும், வழக்கமாக 30. அதை 7 ஆக்குங்கள். பழைய மெயில் தேவைப்பட்டால் தேடினால் வரும்.

இவ்வளவும் செய்து பலனில்லையென்றால் வேறு ஏதோ ஆப் குறுக்கே நிற்கிறதா என்று சேஃப் மோடில் பார்க்கலாம். பவர் பொத்தானை அழுத்தி, வருகிற பவர் ஓஃப் என்ற எழுத்தைக் கொஞ்சநேரம் அமர்த்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோட் என்று கேட்கும். அதில் நீங்கள் போட்ட ஆப்கள் எல்லாம் தூங்கும், போனோடு வந்தவை மட்டும் ஓடும். அங்கே மெயில் ஒழுங்காகத் திறந்தால் கள்ளன் நீங்கள் போட்ட ஆப்களுக்குள்தான் இருக்கிறான். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக அழியுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியில் இருந்து இறக்கிய ஆப்கள் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

ஐபோன்காரர்: முதலில் ஐஓஎஸ் அப்டேட். பிறகு செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் என்று போய் மெயில் ஆப்பைத் தொட்டால் ஓஃப்லோட் ஆப் என்று வரும். அது ஆப்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உள்ளதை வைத்திருக்கும், மறுபடி போட்டால் விட்ட இடத்தில் நிற்கும். டிலீட் ஆப் அப்படியல்ல, எல்லாம் போகும். கேஷ் மட்டும் அழிக்கிற பொத்தான் ஐபோனில் இல்லை, தேடிக் களைக்காதீர்கள். ஆப்பிளின் சொந்த மெயில் ஆப் என்றால் கணக்கை நீக்கித் திரும்பச் சேர்ப்பதுதான் கூடுதலாக வேலை செய்யும், ஐஓஎஸ் 18 இல் அது செட்டிங்ஸின் அடியில் ஆப்ஸ் என்பதற்குள் போய்விட்டது.

போன் ரொம்பப் பழசு, அப்டேட்டே வருவதில்லை என்றால் ஆப்பைக் கைவிடுங்கள். குரோமில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் அட் டு ஹோம் ஸ்கிரீன் கொடுத்தால் ஆப் மாதிரியே ஒரு ஐகன் வரும். நோட்டிஃபிகேஷன் எதிர்பார்க்காதீர்கள், மற்றபடி எல்லாம் நடக்கும். என் மாமா ஒருவர் இப்படித்தான் இரண்டு வருஷமாக ஓட்டுகிறார்.

ஃபோமட் என்கிற பாக்டரி ரீசெட் இதற்கெல்லாம் பிறகுதான். ஒரு மெயில் ஆப்புக்காக நான் அதைச் செய்தது மிகக் குறைவு. செய்வதென்றே முடிவானால் படங்களையும் வட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்து, எடுத்தது உண்மையில் ஏறியிருக்கிறதா என்று வேறொரு போனிலோ கணினியிலோ பார்த்த பிறகு செய்யுங்கள். அதோடு கூகிள் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். செட்டிங்ஸ் வழியாக அல்லாமல் பொத்தான்களை அமர்த்தி ஃபோமட் அடித்தால், களவு போன போனை யாரும் பாவிக்கக் கூடாது என்பதற்காக, முன்னம் அதில் இருந்த அதே கூகிள் கணக்கைக் கேட்டு போன் பூட்டிக்கொள்ளும். சொந்தக்காரருக்கும் அதே பூட்டுத்தான். வேறெங்கோ அப்படி அடித்துவிட்டு, கணக்கும் தெரியாமல், திறந்து தா என்று கொண்டுவந்த இரண்டு போன்கள் இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கின்றன.